ரோனர் முடிவதற்குள்

மல்லாவிச் சந்தியில் என் போட்டோக்கொப்பிக் கடைக்குப்
பேப்பர் பத்தரைக்கு வரும்,
வவுனியா பஸ்காரன் மறதியில்
துணுக்காய் வரை கொண்டுபோகாவிட்டால்.
செய்தி அதற்கு முன்பே வந்துவிடும்,
படிவமாக.

பெற்றோல் விலை ஒன்பது ரூபா குறைந்தது.
அந்த ஒன்பது ரூபாவை
ஓட்டோ நிமலகாந்தன் சீற்றுக்குக் கீழே
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.
என்னிடம் வாங்கியது பழைய கூலிதான்.

கொடுத்த கடனுக்குக் கணக்குப் பார்க்க வந்தவர்கள்
பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று சொல்லிக்
கொழும்பில் கைகுலுக்கினார்கள்.
நல்லது.
மீண்டது இந்தப் பக்கம் வருவதானால்
மாங்குளத்தில் பஸ் மாற வேண்டும்,
கடைசி பஸ் ஐந்தரைக்கு
என்று யாராவது சொல்லிவிடுங்கள்.

கட்சி இரண்டாகப் பிரிந்தது.
இரண்டு பகுதியும் ஒரே நாளில், முன்னும் பின்னுமாக,
ஒற்றுமையின் அவசியம் பற்றித்
துண்டுப்பிரசுரம் அடிக்க வந்தன.
ஒரே தாளின் இரண்டு பக்கத்திலும் அடித்தால் மலிவு என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
காசு மட்டும் இரண்டு பேரும் பிறகு தருவதாகச் சொன்னார்கள்.

குரங்குகளை எண்ணச் சொல்லி மேலிடத்து உத்தரவு.
நூற்றிருபது படிவம் கொப்பி எடுத்தேன்.
விமலேஸ்வரியின் பப்பாசியில் பதினாலு.
பதினைந்தாவது
படிவத்தைப் பறித்துக்கொண்டு மரமேறிவிட்டது.
ஒரு கிழமைக்குள் தொகை கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே விமலேஸ்வரி
தம்பியைத் தேடி நிரப்புகிற படிவம்
இது ஏழாவது.
‘கடைசியாகக் கண்ட இடம்’ என்ற கட்டம்
ஒரு தீப்பெட்டி அளவு.
பின்பக்கத்தில் தொடர்கிறாள்.
பின்பக்கத்துக்கு நான் காசு எடுப்பதில்லை.
அதைக் கொள்கை என்று சொல்லமாட்டேன்,
கொள்கைகள் பளபளத்த தாளில் அச்சாகும்.

அமெரிக்கா வரி போட்டது.
அக்காவின் மகள் அருட்செல்வி
கிளிநொச்சியில் இருந்துகொண்டு
அந்த நாட்டாருக்கு உள்ளாடை தைப்பவள்.
மூன்று கிழமையாக ஓவர்ரைம் இல்லை.
அவ்வளவு பெரிய கோபம்
அத்தனை கடல் தாண்டி வந்து
அவளுடைய பிறிட்ஜின் மேல் விழுந்திருக்கிறது:
இருபத்துநாலு தவணை,
கட்டி முடித்தது பதினொன்று.

செவ்வாய்க் கிரகத்தில் ஒருகாலம்
தண்ணீர் இருந்ததற்குத் தடயம் கண்டார்களாம்.
பாலிநகரிலும் தடயம் உண்டு.
குழாய் என்று பெயர்.

ஐந்தாம் பக்கத்தில் தூர தேசத்து யுத்தம்.
படத்தில் ஒரு ட்ரக்டர் பெட்டி,
மெத்தை, மெத்தைக்கு மேல் மெத்தை,
உச்சியில் ஒரு பிள்ளை
கேத்தலைக் கட்டிப்பிடித்தபடி.
சனங்கள் பாதுகாப்பு வலயத்துக்கு நகருமாறு
வானத்திலிருந்து தாள் போட்டிருக்கிறார்கள்.
தாளுக்குப் பஞ்சமில்லை.

கோழித்தீன் பில்லோடு வந்த கெங்காதரன்
மேசைக்கு அந்தப் பக்கம் நின்று
தலைகீழாகப் பார்த்துவிட்டு
“எங்கட படத்தை ஏன் இப்ப போடுறாங்கள்?” என்றார்.
திருப்பிக் காட்டினேன்.
ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.
“கேத்தல் எங்கடதான்” என்றார்,
கொஞ்சம் கோபமாக,
நான் ஏதோ களவெடுத்ததுபோல.
பிறகு வெளியே போய்ச்
சைக்கிளைப் பூட்டாமல் பூட்டிப் பூட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசிப் பக்கம் கிரிக்கெட்.
இலங்கை தோற்றுவிட்டது.
கவலைப்படுவதா இல்லையா என்று
முப்பது வருடமாக நான்
தீர்மானிக்கவில்லை.

நாலரைக்கு ரோனர் மங்கத் தொடங்கியது.
கெங்காதரன் விட்டுப்போன பில்
கண்ணாடியில் குப்புறக் கிடந்தது.
எப்படியும் நாளைக்கு வருவார் என்று
ஒரு கொப்பி எடுத்து வைத்தேன்.
எழுத்து சாம்பலாக விழுந்தது,
ஆனாலும் வாசிக்கலாம்:
கோழித்தீன், ஐம்பது கிலோ,
போன மாதத்தைவிட நானூறு ரூபா கூட.
இது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.